வாத்துக் குஞ்சு அன்னமாக மாறவில்லை என்றால்?

ஓம் சரவணபவ.



வகுப்பில் நடக்கிற கதை நேரத்தைப் பற்றி சில பெற்றோர்கள் கேட்டிருந்தீங்க. "தேவாரம் சொல்லிக் கொடுக்கிறீங்க, சரி. நடுவுல வாத்துக் கதை, மாட்டுக் கதை எல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு வரியில் பதில் போட்டால் சரியாக இருக்காது என்று நினைத்தோம். அதனால்தான் இந்த நீளமான பதிவு. வேலை முடிந்து வந்து, ஒரு தே ஓ கலக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்க.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் பண்டிதர்கள் இல்லை. வகுப்பு நடத்துகிற தொண்டர்களில் பாதிப் பேர் தொழிற்சாலைக்காரர்கள். எஸ்.பி.எம். முடித்துவிட்டு நேராக லைனுக்கு வேலைக்குப் போனவர்கள். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு ஞாயிறு காலையில் பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருகிறோம். எங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறோம்.

கதை நேரம் எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு நாள் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாளும் கிரையானும் கொடுத்து, "உங்க படத்தை நீங்களே வரைங்க, கீழே உங்களைப் பத்தி ஒரு வரி எழுதுங்க" என்றோம். 23 பிள்ளைகள். சும்மா ஒரு விளையாட்டு மாதிரிதான் கொடுத்தோம். தாளைத் திருப்பி வாங்கும்போது மனசு கனத்துப் போச்சு. ஒரு பிள்ளை "நான் அக்கா மாதிரி கெட்டிக்காரி இல்லை" என்று எழுதியிருந்தது. ஒரு பையன் "நான் குண்டு" என்று ஒரே வார்த்தை. இன்னொருத்தன் வாயே இல்லாமல் முகம் வரைந்திருந்தான். முகத்துக்கு வண்ணம் அடித்த பிள்ளைகள் எல்லாரும் இளஞ்சிவப்புதான் அடித்திருந்தார்கள். கிரையான் பெட்டிகளை எடுத்து வைக்கும்போது பார்த்தால், பழுப்பு நிறம் மட்டும் முனை தேயாமல் புதுசாக இருந்தது.

இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து, "நீ அழகுதான்மா, உன்னால முடியும்பா" என்று சொல்லிப் பாருங்க. தலையை ஆட்டும், நம்பாது. பெரியவங்க எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க என்று அதுக்குத் தெரியும். ஆனால் ஒரு கதை சொன்னால் அது வேற. கதையில் வருகிறது வாத்து, குரங்கு, அணில். பேச்சு தன்னைப் பற்றி இல்லை என்று பிள்ளை நிம்மதியாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்போது, தன்னைப் பற்றித்தான் என்று அதுவாகவே கண்டுபிடிக்கும். யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்ததைத்தான் பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படி முதலில் எடுத்த கதைதான் அழகில்லாத வாத்துக் குஞ்சு. டென்மார்க் நாட்டு ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் 1843-இல் எழுதியது. அவர் ஒரு செருப்புத் தைக்கிறவரின் மகன். ஏழைக் குடும்பம். சின்ன வயசில் கேலியைப் பார்த்தவர். அதனால்தான் அந்தக் குஞ்சு படுகிற பாட்டை அவ்வளவு உணர்ந்து எழுதியிருக்கிறார். கூடப் பிறந்ததுகளே கொத்தும். கோழி கொத்தும். தீனி போடுகிற பெண் காலால் தள்ளுவாள். குளிர்காலம் முழுக்கத் தனியாகக் கிடந்து, கடைசியில் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தால், அது வாத்தே இல்லை, அன்னம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் தட்டவில்லை. அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், வகுப்பில் வாய் திறக்கவே மாட்டான். அன்றைக்குக் கையைத் தூக்கி, மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டான்: "அங்கிள், அது அன்னமா மாறலன்னா? கடைசி வரைக்கும் வாத்தாவே இருந்திருந்தா?"

நல்லா யோசித்துப் பாருங்க. அந்தக் கதையில் குஞ்சுக்கு மரியாதை வருவது அது அழகான பிறகுதான். மாறாத பிள்ளைக்கு என்ன பதில்? கறுப்பாகப் பிறந்த பிள்ளை கறுப்பாகத்தான் வளரும். திக்குகிற எல்லாப் பிள்ளைக்கும் திக்கு நின்றுவிடும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. "ஒரு நாள் நீயும் அன்னமாவாய்" என்று சொன்னால், "இப்போ இருக்கிற நீ சரியில்லை" என்றுதானே அதுக்குக் கேட்கும்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் நம்ம புராணம், இதிகாசம் பக்கம் திரும்பினோம். தேடினால் பெட்டி நிறைய இருக்கிறது.

முதல் பதில் அஷ்டவக்கிரர். மகாபாரதத்தில் வன பருவத்தில் வருகிறார். அஷ்டம் என்றால் எட்டு, வக்கிரம் என்றால் வளைவு. உடம்பு எட்டு இடத்தில் கோணலாகப் பிறந்த பிள்ளை. அவருடைய அப்பா, ஜனக மகாராஜாவின் சபையில் ஒரு பண்டிதரிடம் வாதத்தில் தோற்று, தண்ணீரில் அமிழ்த்தப்பட்டவர். அந்தப் பிள்ளை விவரம் தெரிந்த வயசில் அதே சபைக்குப் போகிறது. வாசல் காவலாளி, "சின்னப் பையன், உள்ளே விடமாட்டேன்" என்கிறான். வாசலிலேயே பேசி ஜெயித்து உள்ளே போகிறார். நம்ம பக்கம் சொல்கிற கதையில், அவர் நடந்து வருகிறதைப் பார்த்து சபையே சிரிக்கும். அவர், "அறிஞர்கள் சபை என்று நினைத்து வந்தேன், இங்கே தோலைப் பார்த்து விலை சொல்கிறவர்கள்தான் இருக்கிறார்கள்" என்பார். பிறகு அந்தப் பண்டிதரை வாதத்தில் தோற்கடித்து, அப்பாவை மீட்டுக்கொண்டு போவார்.

மகாபாரதத்தில், அதற்கு அப்புறம் அவர் ஒரு ஆற்றில் குளித்து உடம்பு நேராகிறது. பிள்ளைகளிடம் அதையும் மறைக்காமல் சொல்கிறோம். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறோம்: "சபையில ஜெயிச்சப்போ உடம்பு எப்படி இருந்துச்சு?" வளைந்துதான் இருந்தது. ஆறு அதற்குப் பிறகுதான். வாத்துக் கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது பாருங்க.

ரெண்டாவது பதில், ராமாயணத்தில் கடற்கரை. அனுமன் கடலைத் தாண்டியது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தாண்டுவதற்கு முன்னால் நடந்த பேச்சைத்தான் நாங்கள் விரித்துச் சொல்கிறோம். வால்மீகி ராமாயணத்தில், 100 யோசனை தூரம் கடல். யார் எவ்வளவு தாவ முடியும் என்று அங்கதன் கேட்கிறான். ஒரு வானரர் 10 யோசனை என்கிறார். அடுத்தவர் 20. இன்னொருத்தர் 30. இப்படியே போகிறது. ஜாம்பவான், "எனக்கு வயசாயிருச்சு, 90 தான் முடியும்" என்கிறார். அங்கதன், "100 தாவிடுவேன், திரும்பி வர்றதுதான் சந்தேகம்" என்கிறான்.

10 என்று சொன்னவரைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவரும் வெட்கப்படவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னார். இளவரசனே தன் குறையைச் சபையில் சொல்கிறான். எங்களைப் போல லைனில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். புதுசாக வருகிற ஆபரேட்டர்களில், "சார், இந்த மெஷின் எனக்குத் தெரியாது, காட்டுங்க" என்று சொல்கிறவனைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை. எல்லாத்துக்கும் "ஓகே, ஓகே" என்று தலையாட்டுகிறவன்தான் கையை வெட்டிக்கொள்வான், இல்லாவிட்டால் நாலு தட்டுப் பொருளை ரிஜெக்ட் ஆக்குவான். தன் அளவைத் தெரிந்து, அதை வாய்விட்டுச் சொல்கிறதும் தைரியம்தான். தன்னம்பிக்கை என்றால் எல்லாம் முடியும் என்று மார்தட்டுவது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது இல்லை.

அதே கடற்கரையில் இன்னொருத்தர் ஓரமாக, பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அனுமன். தன் பலம் தனக்கே மறந்து போன சாபம். ஜாம்பவான்தான் பக்கத்தில் போய், அவருடைய பிறப்பு, சின்ன வயசில் சூரியனைப் பழம் என்று நினைத்துத் தாவியது, எல்லாவற்றையும் எடுத்துச் சொல்கிறார். ஜாம்பவான் புதுசாக எந்தப் பலத்தையும் கொடுக்கவில்லை, பொய்யாகப் புகழவும் இல்லை. நடந்ததை ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். பெற்றோர்களே, நமக்குக் கொடுத்திருக்கிற வேலை இதுதான். "நீதான் உலகத்திலேயே பெஸ்ட்" என்று சொல்ல வேண்டாம். "போன வருஷம் சைக்கிள் விழுந்து விழுந்து கத்துக்கிட்டியே, ஞாபகம் இருக்கா?" என்று சொன்னால் போதும். அது நடந்தது. பிள்ளையால் மறுக்க முடியாது.

அனுமன் தாண்டினார் சரி, 10 யோசனைக்காரருக்கு என்ன வேலை? அங்கே வருகிறது அணில். இந்தக் கதை வால்மீகியில் இல்லை. ஆனால் நம்ம தமிழ் நாட்டில் ரொம்பப் பழசு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் அந்த அணிலைப் பாடியிருக்கிறார். அணில் மலையைத் தூக்கப் பார்க்கவில்லை. தண்ணீரில் நனைந்து, மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டினதைக் கொண்டுபோய் அணையில் உதறியது. தன் உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. நம்ம ஆலயத்தில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற அம்மாக்களைக் காட்டித்தான் இந்தக் கதையை முடிக்கிறோம். பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

மாம்பழக் கதையை நாங்கள் சொல்கிற விதமும் கொஞ்சம் வேற. அம்மையப்பனைச் சுற்றி வந்த விநாயகரின் புத்திசாலித்தனத்தைத்தான் எல்லாரும் சொல்வோம். பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது: "பிள்ளையாருக்குத் தொப்பை, வாகனம் மூஞ்சூறு. அவர் மயிலுக்காக அழுதாரா?" இல்லை. தன்னிடம் இருந்ததை வைத்துத் தன் வழியில் சுற்றினார். அப்போது ஒரு சின்னப் பெண், "அப்போ முருகன் பாவம்தானே? அவரும் கஷ்டப்பட்டுத்தானே சுத்தினாரு?" என்று கேட்டாள். கேள்வி சரிதானே. ரெண்டு பிள்ளைக்கும் நடுவில் ஒரு பழத்தை வைத்தால், ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு மலையேறத்தான் செய்யும். கடைசியில் "நீயே பழம்தானப்பா" என்று சொல்லித்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. நம்ம நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். சோதனையை 2021-லேயே ரத்து செய்துவிட்டார்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை ஏ?" என்கிற சோதனையை மட்டும் யாரும் இன்னும் ரத்து செய்யவில்லை.

மாட்டுக் கதையைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? அது ஃபெர்டினாண்ட் என்கிற காளையின் கதை. அமெரிக்காவில் மன்ரோ லீஃப் என்பவர் எழுதி 1936-இல் வந்தது. கதை நடப்பது ஸ்பெயினில். மற்றக் காளைகள் எல்லாம் முட்டி மோதி விளையாடும். இது மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூவை முகர்ந்துகொண்டிருக்கும். அம்மா பசு வந்து, "தனியா இருக்கியே, ஏக்கமா இல்லையா?" என்று விசாரிக்கும். இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் விட்டுவிடும். எங்களுக்குக் கதையில் ரொம்பப் பிடித்தது அந்த அம்மா பசுதான். பேசாத பிள்ளைகளை நாம் விடுகிறோமா? "வாயில என்ன கொழுக்கட்டையா? போய் எல்லார் முன்னாலயும் பாடு" என்று தள்ளுகிறோம். முதலில் அம்மா பசு மாதிரி ஒரு தடவை விசாரிக்கலாம். பிள்ளை ஏக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரலாம். நிம்மதியாக இருந்தால் விட்டுவிடலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நம்ம மலேசியக் கதை ஒன்றும் சொல்கிறோம். சி தங்காங். ஏழைப் பையன், கப்பலேறிப் போய்ப் பெரிய பணக்காரனாகித் திரும்பி வருகிறான். கிழிந்த துணியோடு அம்மா சின்னப் படகில், மகனுக்குப் பிடித்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். மனைவி முன்னால் வெட்கப்பட்டு, "இவள் என் அம்மா இல்லை" என்று விரட்டுகிறான். கப்பலோடு கல்லாகிப் போகிறான். பிள்ளைகள் இதை நன்றி கெட்ட மகன் கதையாக ஏற்கனவே கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறோம். தன் வேரைப் பார்த்து வெட்கப்படுகிறவன், எவ்வளவு உயரம் போனாலும் உள்ளுக்குள் பயந்துகொண்டேதான் இருப்பான். பேரங்காடியில் பாட்டி தமிழில் சத்தமாகப் பேசினால் ரெண்டு அடி தள்ளி நடக்கிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளி வாசலில் திருநீற்றை அழிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாரையும் திட்டவில்லை. கதையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தோம். ஒரு பெண் பிள்ளை தானாகவே, "எங்க பாட்டி என் ஸ்கூலுக்கு வந்தா நான் இனிமே ஓட மாட்டேன்" என்றாள்.

நிறத்தைப் பற்றிப் பேசக் கதைகூடத் தேவைப்படவில்லை. அபிஷேகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். கருவறையில் மூலவர் கருங்கல். பால் அந்தக் கறுப்பு மேனியில் வழிகிற அழகைப் பார்த்து எல்லாரும் அரோகரா போடுகிறோம். கிருஷ்ணன் என்கிற பெயருக்கே கறுப்பன் என்றுதான் அர்த்தம். காளி கறுப்பு. கறுப்பைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து பிள்ளையிடம், "வெயில்ல சுத்தி இப்படிக் கறுத்துப் போயிட்டியே" என்று சொன்னால், பிள்ளை எதை நம்பும்?

பெரிய பெண் பிள்ளைகளுக்கு, படிவம் மூன்றுக்கு மேல் உள்ளவர்களுக்கு, காரைக்கால் அம்மையார் கதையைத் தனியாக வைத்திருக்கிறோம். புனிதவதி என்கிற அழகான பெண், கணவன் விலகிப் போன பிறகு, "இந்த அழகு எனக்கு வேண்டாம்" என்று பேய் உருவம் கேட்டு வாங்கினார். தலையால் நடந்து கயிலைக்குப் போனவரைச் சிவபெருமான் "அம்மையே" என்று அழைத்ததாகச் சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடுகிறார். 63 நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, பொதுவாக அம்மையார் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது கவனித்துப் பாருங்க. ஃபில்டர் போடாமல் ஒரு படம்கூடப் போட முடியாத காலத்தில் வளர்கிற பெண் பிள்ளைகள் இந்தக் கதையை எவ்வளவு அமைதியாகக் கேட்கிறார்கள் தெரியுமா?

வீட்டில் கதை சொல்ல நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் பழகிக்கொண்ட சில விஷயங்கள்:

1. கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்காதீங்க. அது பள்ளிக்கூடச் சோதனை மாதிரி ஆகிவிடும். "உனக்கு யாரைப் பிடிச்சுது?" என்று மட்டும் கேளுங்க.

2. "அணில் மாதிரி நீயும் இருக்கணும்" என்று பிள்ளையை நேராகக் கதைக்குள் இழுக்காதீங்க. அதுவாக உள்ளே போகும்.

3. எல்லாக் கதையும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. வானவில் மீன் கதை நிறைய வீட்டில் இருக்கும். மார்க்கஸ் ஃபிஸ்டர் எழுதி 1992-இல் வந்தது. மினுமினுக்கிற செதில்களைக் கொடுத்து நண்பர்களைச் சேர்க்கிற மீன். பகிர்ந்து கொடுக்கத் தெரியாத பிள்ளைக்கு நல்ல கதை. நண்பர்களுக்காக ஏற்கனவே சாப்பாட்டுக் காசு வரைக்கும் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அது வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஃபெர்டினாண்டைச் சொல்லுங்க.

4. பத்து நிமிஷம் போதும். ஃபோனைத் தள்ளி வையுங்க. முதலில் நம்ம ஃபோனை.

அந்தத் திக்குகிற பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவனுக்குத் திக்கு நிற்கவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் போன சிவராத்திரிக்கு யார் யார் தேவாரம் பாடுகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது, ஒவ்வொருத்தரும் முழுப் பதிகம், ரெண்டு பாட்டு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவன் முறை வந்ததும், "எ... எனக்கு ரெண்டு வரி" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன், "பத்து யோசனைலா" என்று தோளில் தட்டினான். அன்றைக்கு ராத்திரி ரெண்டாம் காலப் பூஜைக்கு முன்னால் அவன் மைக்கைப் பிடித்து ரெண்டு வரி பாடினான். பாடும்போது திக்கவில்லை. பாடி முடித்து, "நன்றி" என்று சொல்லும்போது திக்கியது. அவனும் சிரித்தான், சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினான். அவனுடைய அம்மா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்து வாத்தாகவே இருந்தால் என்ன என்று அவன் கேட்டதற்கு நாங்கள் இன்றுவரை வாயால் பதில் சொல்லவில்லை. அவனுக்கு இப்போது அது தேவைப்படுகிற மாதிரியும் தெரியவில்லை.

அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஆலயத்தில் பிள்ளைகளைப் பார்த்தால் நிறம், எடை, மார்க் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு எதையாவது பேசுங்க. "சாப்பிட்டியா?" போதும்.

ரெண்டு, கதை தெரிந்த தாத்தா பாட்டிகள் தேவை. தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வாசலில் கேட்ட கதைகளாக இருந்தால் இன்னும் நல்லது. மேடைப் பேச்சு வராது என்று கவலை வேண்டாம். ஞாயிறு காலை 9 மணிக்கு மண்டபத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் பேரப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் போதும்.

மூன்று, பழைய கதைப் புத்தகம் வீட்டில் சும்மா கிடந்தால் அலுவலகத்தில் கொடுங்க. தமிழ், மலாய், ஆங்கிலம் எதுவானாலும் சரி. பக்கம் கிழிந்திருந்தால் நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம்.

அடுத்த ஞாயிறு கதை: பூசலார் நாயனார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். பிள்ளைகளை 8.45-க்கே அனுப்பி வையுங்க. பசியாறல் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்.

திருச்சிற்றம்பலம்.